டோசிங்கை நிறுத்திய பிறகும் ஏறிய பதினொரு நிமிடம்

வட தமிழ்நாட்டின் சிப்காட் வளாகம் ஒன்றிலிருந்து ஒரு ஷிப்ட் இன்சார்ஜ் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவருக்கு 34 வயது. வேதியியல் பட்டதாரி, ஒன்பது வருட அனுபவம். மருந்து கம்பெனிகளுக்கு மூலப்பொருள் தயாரிக்கும் தொழிற்சாலையில் நைட்ரேஷன் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். அதாவது, ரியாக்டரில் இருக்கும் பொருளுக்குள் நைட்ரிக், சல்ஃபூரிக் ஆசிட் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு (இதைத்தான் டோசிங் என்கிறோம்), கிளம்பும் சூட்டை, ரியாக்டரைச் சுற்றியிருக்கும் ஜாக்கெட்டில் ஓடும் பிரைன் என்ற குளிர்ந்த உப்புநீரால் எடுத்துக்கொண்டே இருக்கும் வேலை. ஆர்டர் கூடியதால் பேட்ச் அளவை 1,600 கிலோவிலிருந்து 2,000 ஆக்கியிருக்கிறார்கள். நான்கு மணி நேரம் விட்ட ஆசிடை இப்போது இரண்டரை மணி நேரத்தில் விடுகிறார்கள். அந்த உப்புநீரைக் குளிர்விக்கும் இரண்டு சில்லர் கம்ப்ரஸரில் ஒன்று இரண்டு மாதமாகப் பழுது. 45 டிகிரியில் டோசிங்கைத் தானாக நிறுத்த வேண்டிய இன்டர்லாக், காரணமில்லாமல் அடிக்கடி ட்ரிப் ஆகி டோசிங்கை நிறுத்திவிடுகிறது என்று பைபாஸில், அதாவது வேலை செய்யாதபடி துண்டிக்கப்பட்டு, இருக்கிறது.

ஒன்பது நாட்களுக்கு முன், இரவு ஷிப்டில், 35-இல் நிற்க வேண்டிய சூடு 44-க்குப் போயிருக்கிறது. இவர் ஓடிப்போய் டோசிங் வால்வைக் கையால் மூடியிருக்கிறார். மூடிய பிறகும் பதினொரு நிமிடம் ஏறி, 52-ஐத் தொட்டு, பிறகு மெதுவாக இறங்கியிருக்கிறது. பழுப்புப் புகை வந்திருக்கிறது. பக்கத்தில் நின்ற கான்ட்ராக்ட் ஹெல்பருக்கு இருமல் வர, பால் வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காலையில் வந்த மேனேஜர், "ஒன்றும் ஆகவில்லையே, லாக் ஷீட்டில் நார்மல் என்று போட்டுவிடு" என்றாராம். இவரும் போட்டுக் கையெழுத்தும் வைத்துவிட்டார்.

"நான் தேவையில்லாமல் பயப்படுகிறேனா? புதிய அளவில் 37 பேட்ச் நன்றாகத்தானே போயிருக்கிறது? கேட்டில் 'விபத்தில்லாத 1,140 நாட்கள்' என்று போர்டு இருக்கிறது. இருபது வருடம் அனுபவமுள்ள ஆபரேட்டர் அண்ணன், ஜாக்கெட்டில் கை வைத்தாலே எனக்குத் தெரியும் என்கிறார். புகார் கொடுத்தால் வேலை போய்விடுமா? ஏதாவது நடந்தால் என் கையெழுத்துக்காக என்னைப் பிடிப்பார்களா? பேசாமல் ராஜினாமா செய்துவிடலாமா? வீட்டுக் கடன் ஓடுகிறது, மனைவி ஏழு மாதம்." இவைதான் அவர் கேள்விகள்.

தம்பி, உங்கள் பயம் தேவையானது. முப்பது வருடம் ரசாயன ஆலைகளில் வேலை பார்த்து, இப்போது பாதுகாப்பு ஆய்வு செய்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 52 டிகிரி அல்ல, அந்தப் பதினொரு நிமிடம்.

சரியாக ஓடும் நைட்ரேஷனில் விட்ட ஆசிட் விட்டவுடனே வினைபுரிந்து தீர்ந்துவிடும். வால்வை மூடினால் சூடு கிளம்புவதும் நிற்கும். அடுப்பை அணைத்ததும் பால் பொங்குவது அடங்குகிற மாதிரி. அன்று அடங்கவில்லை என்றால், நீங்கள் மூடும்போதே வினைபுரியாத ஆசிட் உள்ளே தேங்கிக் கிடந்தது என்று அர்த்தம். அதற்குமேல் உங்கள் கையில் எதுவும் இல்லை. பத்து டிகிரி கூடினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஜாக்கெட் எடுக்கும் சூடு அப்படி இரட்டிப்பாகாது. இந்த இரண்டு வேகமும் ஒன்றையொன்று தாண்டும் புள்ளி ஒன்று உண்டு. அன்று அதற்கு இந்தப் பக்கமே திரும்பிவிட்டீர்கள். தேங்கியது இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். சரக்கு கால் பங்கு கூடியிருக்கிறது. நேரம் நான்கிலிருந்து இரண்டரை ஆகியிருக்கிறது. 1.25-ஐ நான்கால் பெருக்கி இரண்டரையால் வகுத்தால் சரியாக இரண்டு வரும். ஒரு நிமிடத்தில் எடுக்க வேண்டிய சூடு இரண்டு மடங்காகிவிட்டது. எடுக்க வேண்டிய சில்லரோ பாதிதான் ஓடுகிறது. மேனேஜரிடம் பேசும்போது இந்த ஒரு வரியை மட்டும் காகிதத்தில் எழுதி எடுத்துப் போங்கள். யாரையும் குற்றம் சொல்லாமல் விஷயத்தைச் சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

37 பேட்ச், 1,140 நாட்கள், அண்ணனின் கை

இந்த மூன்றையும் நம்பித்தான் உங்கள் பிளான்ட் ஓடுகிறது. மூன்றிலும் ஒரு சிக்கல் இருக்கிறது.

அமெரிக்காவின் ஜாக்சன்வில்லில் டி2 லேபரட்டரீஸ் என்ற சின்னத் தொழிற்சாலை இருந்தது. ஒரு கட்டத்தில் பேட்ச் அளவை மூன்றில் ஒரு பங்கு கூட்டினார்கள். அதன்பின் நூற்றுக்கும் மேற்பட்ட பேட்ச்கள் ஓடின. 2007 டிசம்பர் 19 அன்று 175-வது பேட்சில் குளிரூட்டல் கைவிட்டது. அதற்கு மாற்று ஏற்பாடு எதுவும் இல்லை. நான்கு பேர் இறந்தார்கள். முந்தைய பேட்ச்கள் நன்றாகப் போனதற்குக் காரணம் அந்தந்த நாளில் தண்ணீர் வந்ததுதான். உங்கள் 37-க்கும் அதே பொருள்தான். போதாக்குறைக்கு, நார்மல் என்று எழுதப்பட்ட அந்த இரவும் அந்த 37-க்குள் ஒன்றாகத்தான் எண்ணப்பட்டிருக்கும்.

கேட் போர்டைப் பொறுத்தவரை, அது எண்ணுவது கை நசுங்கியது, வழுக்கி விழுந்தது போன்றவற்றை. ரியாக்டர் எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. டெக்சஸ் சிட்டியில் பி.பி. சுத்திகரிப்பு ஆலை 2005 மார்ச் 23 அன்று வெடித்து 15 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு தொழிலாளர் காயக் கணக்கில் அந்த ஆலை நல்ல பெயர் வாங்கியிருந்தது. ஆனால் கோபுரத்தில் திரவம் நிரம்பி வழியும் அளவுக்கு ஏறிக்கொண்டிருக்க, அளவு காட்டும் கருவி இறங்குவதாகக் காட்டிக்கொண்டிருந்தது. எச்சரிக்க வேண்டிய அலாரமும் அடிக்கவில்லை.

அந்த ஆபரேட்டர் அண்ணனை நான் மதிக்கிறேன். அப்படிப்பட்டவர்களிடம்தான் நானும் தொழில் கற்றேன். ஆனால் அவர் கை பழகியது 1,600 கிலோவுக்கும் நான்கு மணி நேரத்துக்கும். இன்று நடப்பது வேறு வினை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், "முதலிலேயே 20 டிகிரிக்கு இறக்கிவிட்டால் ஏறுவதற்கு இடம் இருக்கும்" என்று அவர் செய்வதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பல பிளான்ட்டில் இதைப் பார்த்திருக்கிறேன். நல்லெண்ணத்தோடு செய்யும் ஆபத்தான காரியம் இது. குளிர்ந்திருந்தால் வினை மந்தமாகும். விட்ட ஆசிட் தீராமல் தேங்கும். பிறகு சூடு கொஞ்சம் ஏறியதும் தேங்கியதெல்லாம் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். அந்தப் பதினொரு நிமிடத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மேல் எல்லை மாதிரியே கீழ் எல்லையும் ஒன்று வேண்டும்: இந்த டிகிரிக்குக் கீழே டோசிங் தொடங்கக் கூடாது என்று. அண்ணனிடம் பணிவாகச் சொல்லிப் பாருங்கள், அவருக்குச் சட்டென்று புரியும்.

பைபாஸ்

எனக்கு 26 வயதில் நடந்தது. வருடாந்திர ஷட்டவுனில் ஒரு கன்ட்ரோல் பேனலைத் திறந்து தூசி தட்டிக்கொண்டிருந்தோம். இரண்டு டெர்மினலுக்கு நடுவே மூன்று அங்குல நீளத்தில் ஒரு சிவப்பு ஒயர் இருந்தது. டிராயிங்கில் அப்படி ஒரு ஒயரே இல்லை. அழுத்தம் கூடினால் நிறுத்த வேண்டிய ஒரு பிரஷர் ட்ரிப்பை, அது வேலை செய்யாதபடி யாரோ ஒரு இரவு அவசரத்துக்காக அந்த ஒயரால் ஜம்பர் போட்டிருக்கிறார். போட்டவர் வேலையை விட்டே போய்விட்டார். எத்தனை மாதம் அந்த ட்ரிப் இல்லாமல் ஓட்டினோம் என்று கடைசி வரை தெரியவில்லை. அந்த ஒயரின் மேல் படிந்திருந்த தூசியின் கனம் இன்றும் என் விரலில் இருக்கிறது.

உங்கள் இன்டர்லாக் காரணமில்லாமல் ட்ரிப் ஆகிறது என்றால் சென்சாரிலோ, அது இருக்கும் இடத்திலோ, ஒயரிங்கிலோ கோளாறு இருக்க வேண்டும். ஆசிட் விழும் குழாய்க்குப் பக்கத்தில் சென்சார் இருந்தாலே இப்படிக் குதிக்கும். இன்ஸ்ட்ருமென்ட் ஆட்கள் ஒரு நாள் உட்கார்ந்தால் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு, மூன்று சென்சார் வைத்து, குறைந்தது இரண்டு ஒரே மாதிரி காட்டினால் மட்டும் ட்ரிப் ஆகும்படி செய்யவும் முடியும். ஒரே சென்சாரை நம்புவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு விசாகப்பட்டினம் எல்.ஜி. பாலிமர்ஸ் இருக்கிறது. 2020 மே 7 அதிகாலை ஸ்டைரீன் என்ற ரசாயனத்தின் ஆவி கசிந்து 12 பேர் இறந்தார்கள். அந்த டேங்கில் வெப்பமானி அடியில் மட்டும் இருந்தது. மேலே சூடு ஏறியது யாருக்கும் தெரியவில்லை.

பைபாஸே போடக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். சில நேரம் தேவைப்படும். ஆனால் யார் அனுமதித்தார், எந்த மணிக்குள் எடுக்க வேண்டும், அதுவரை அதற்குப் பதிலாக யார் நின்று பார்க்கிறார் என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். ஷிப்ட் மாறும்போது இது கைமாற வேண்டும். ஒரு ஷிப்டைத் தாண்டினால் இன்னொரு கையெழுத்து வேண்டும்.

போபாலில் 1984 டிசம்பர் 2 இரவு என்ன இருந்தது, என்ன இல்லை என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். மீத்தைல் ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனம் இருந்த டேங்கின் குளிரூட்டி மாதக்கணக்கில் அணைக்கப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரிக்க வேண்டிய ஃபிளேர் கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவ வேண்டிய ஸ்க்ரப்பர் காத்திருப்பு நிலையில் கிடந்தது. ஒவ்வொன்றையும் எடுத்தபோது ஒவ்வொரு காரணம் இருந்திருக்கும். எல்லாம் ஒரே இரவில் இல்லாமல் போகும் என்று யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. உங்கள் ரியாக்டரில் குளிரூட்டல் பாதி போய்விட்டது, இன்டர்லாக் முழுதாகப் போய்விட்டது, டோசிங் வேகம் இரட்டிப்பாகிவிட்டது. அன்று மிச்சமிருந்தது உங்கள் கை ஒன்றுதான்.

இன்று இரவு ஷிப்டில்

நிர்வாகம் முடிவெடுக்கும் வரை காத்திருக்காமல், ஷிப்ட் இன்சார்ஜாக நீங்களே செய்யக்கூடியவை இவை.

இரண்டாவது கம்ப்ரஸர் ஓடாத வரை பழைய 1,600 கிலோ, பழைய நான்கு மணி நேரம். இதை நீங்கள் கோரிக்கையாக வைக்கத் தேவையில்லை. "ஒரு சில்லரில் இவ்வளவுதான் ஓட்ட முடியும்" என்று தகவலாகச் சொல்லுங்கள். மறுத்துப் புதிய அளவிலேயே ஓட்டச் சொன்னால், அந்த உத்தரவை எழுத்தில் தரும்படி கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அஜிட்டேட்டரின், அதாவது கிளறியின், மோட்டார் ஆம்பியரை கால் மணிக்கு ஒரு முறை பாருங்கள். டோசிங் நடுவே அது நின்றுபோனால் ஆசிடை உடனே மூடுங்கள். ஆனால் கிளறியை மறுபடி போட்டுவிடாதீர்கள். நின்ற நேரத்தில் ஆசிட் தனி அடுக்காகத் தேங்கியிருக்கும், திடீரென்று கலக்கினால் அவ்வளவும் ஒரே மூச்சில் வினைபுரியும். இப்படி மறுபடி ஸ்விட்ச் போட்டதால் வெடித்த ரியாக்டர்கள் பல.

ஒரு டிகிரியை முன்கூட்டியே முடிவு செய்து போர்டில் எழுதி வையுங்கள். டோசிங் மூடி, குளிரூட்டல் முழுதாகத் திறந்த பிறகும் அந்த எண்ணைத் தாண்டினால், எல்லோரும் தளத்தை விட்டு வெளியேற வேண்டும், நீங்களும்தான். காற்று வீசும் திசைக்குக் குறுக்கே போக வேண்டும். அந்த நேரத்தில் யோசித்து முடிவெடுக்க யாராலும் முடியாது. எண்ணையும் அவசரத் திட்டத்தையும் பாதுகாப்பு அதிகாரியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அபாயகரமான ரசாயனங்களுக்கான 1989-ஆம் ஆண்டு விதிகளின் கீழ் உள்வளாக அவசரத் திட்டம் தேவைப்படும் ஆலைகளில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒத்திகை நடத்த வேண்டும். கடைசியாக எப்போது நடந்தது என்று கேளுங்கள்.

அந்தக் கையெழுத்து

நார்மல் என்று எழுதியது தவறு. வீட்டுக் கடனும் ஏழு மாத மனைவியும் இருக்கும்போது அந்தக் காலை நேரத்தில் அது ஏன் நடந்தது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அதை அப்படியே விடாதீர்கள். பழைய தாளில் அடித்துத் திருத்தவும் வேண்டாம். இன்றைய தேதியிட்டு, நடந்ததை நடந்தபடி ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: மணி, டிகிரி, வால்வை மூடிய நேரம், இறங்கத் தொடங்கிய நேரம், புகை, ஹெல்பரின் இருமல், லாக் ஷீட்டில் நார்மல் என்று எழுதியது சரியில்லை என்பது. மேனேஜருக்கும் பாதுகாப்பு அதிகாரிக்கும் நிறுவன மின்னஞ்சலில் அனுப்புங்கள். குற்றம் சாட்டும் வார்த்தை ஒன்றுகூட வேண்டாம். கடைசியில் மூன்று கோரிக்கை போதும்: இன்டர்லாக்கைச் சரிசெய்வது, கம்ப்ரஸரைச் சரிசெய்வது, புதிய பேட்ச் அளவுக்கு ரியாக்ஷன் கேலரிமெட்ரி (வினை எவ்வளவு சூடு கிளப்புகிறது என்று அளப்பது) செய்து ஹஸாப் ஆய்வு (எங்கெங்கே தவறு நேரலாம் என்று படிப்படியாகப் பார்ப்பது) நடத்துவது.

சட்டப் பொறுப்பைக் கேட்டீர்கள். 2010 ஜூன் 7 அன்று போபால் வழக்கில் ஏழு பேருக்கு இரண்டு வருடச் சிறை விதிக்கப்பட்டது. நிறுவனத் தலைவர் மட்டுமல்ல, பிளான்ட் சூப்பரின்டெண்டும் புரொடக்ஷன் அசிஸ்டென்டும் அதில் இருந்தார்கள். இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில், கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்து வருடம் வரை தண்டனை உண்டு. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. "மேனேஜர் சொன்னார், எழுதினேன்" என்பது உங்களைக் காப்பாற்றாது, ஆனால் தேதியிட்ட அந்த ஒரு பக்கம் உங்களுக்குப் பெரிய துணையாக இருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

புகார், வேலை, ராஜினாமா

உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான அச்சம் இருந்தால் நிர்வாகத்துக்கும், அதே நேரத்தில் அரசின் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் தெரிவிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. போபாலுக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41எச் பிரிவாக இது வந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. ஆபத்து இல்லை என்று நிர்வாகம் நினைத்தால் அதை ஆய்வாளருக்கு அனுப்பியாக வேண்டும், அவர் முடிவே இறுதி. தமிழ்நாட்டில் இதற்கான துறை தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

புகார் கொடுத்தவர் பெயரை ஆய்வாளர் வெளியே சொல்லக் கூடாது என்று 1948 சட்டத்தின் 118ஏ பிரிவு சொன்னது. நீங்கள் மனு கொடுப்பதாக இருந்தால், பெயரை ரகசியமாக வைக்கும்படி மனுவிலேயே ஒரு வரி எழுதுங்கள். ஆனால் உண்மையைச் சொல்கிறேன்: நைட்ரேஷனில் மூன்று ஷிப்ட் இன்சார்ஜ்தான் இருக்கிறீர்கள். யார் என்று ஊகிக்க அரை மணி நேரம் ஆகாது. தனியார் நிறுவனத்தில் புகார் சொல்பவரைக் காக்கத் தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் தொழிலுறவுச் சட்டத்தில் தொழிலாளி என்ற வரையறைக்குள் வருவதில்லை. அதனால் பணிநீக்கத்தை எதிர்த்து அந்த வழியில் போவது உங்களுக்குக் கடினம். உங்கள் நியமனக் கடிதத்தோடு ஒரு தொழிலாளர் வழக்கறிஞரை இப்போதே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், முதலில் உள்ளுக்குள் எழுத்தில் சொல்வதே நல்லது என்பது என் கருத்து. நிறுவனம் பங்குச்சந்தையில் இருந்தால் புகார் சொல்வதற்கான உள் ஏற்பாடு கட்டாயம் இருக்க வேண்டும், அதையும் பயன்படுத்தலாம். எழுதிய பின்னும் பைபாஸோடு 2,000 கிலோவே ஓட்டச் சொன்னால், நாள் கணக்கில் காத்திருக்காதீர்கள், இயக்ககத்துக்குப் போங்கள். வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். செய்முறைத் தாள்களைப் படம் எடுத்து வெளியே கொண்டுபோகாதீர்கள். பேச்சு பாதுகாப்பை விட்டு ரகசியக் கசிவுக்குத் திரும்பிவிடும்.

ராஜினாமா உங்கள் உரிமை, குடும்பத்துக்காக அதை நீங்கள் தேர்ந்தெடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பேசாமல் போகாதீர்கள். உங்கள் இடத்துக்கு வரும் பையனுக்கு அந்தப் பதினொரு நிமிடம் தெரியாது. போவதாக இருந்தாலும் அந்த ஒரு பக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஒரே வரியில் நீங்கள் கடந்துபோனது

அந்த ஹெல்பர். பழுப்புப் புகை என்பது நைட்ரஜன் டை ஆக்சைடு. முதலில் கொஞ்சம் இருமல், கண் எரிச்சல், பிறகு ஒன்றுமில்லை என்று தோன்றும். சில மணி நேரம் கழித்து, சில நேரம் அடுத்த நாள், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால்தான் இந்தப் புகையைச் சுவாசித்தவரை குறைந்தது ஒரு நாளாவது மருத்துவமனையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறோம். பால், வெல்லம், வாழைப்பழம் எதற்கும் நுரையீரலில் வேலை இல்லை. நம் ஆலைகளில் தலைமுறையாக இருக்கும் இந்த நம்பிக்கை, ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்கிறது என்பதுதான் என் வருத்தம்.

ஒன்பது நாள் ஆகிவிட்டது, தப்பித்துவிட்டார் என்று விடாதீர்கள். இரண்டு முதல் ஆறு வாரம் கழித்தும் சிறிய மூச்சுக்குழாய்கள் அடைத்து மூச்சுத்திணறல் வருவதுண்டு. இன்றே அவர் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டு ஆள் எங்கே என்று விசாரியுங்கள். படியேறினால் மூச்சு வாங்குகிறதா, இருமல் மறுபடி வந்திருக்கிறதா என்று கேளுங்கள். இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு நீங்களே கூட்டிப் போனால் இன்னும் நல்லது. "நைட்ரஜன் டை ஆக்சைடு, இந்தத் தேதி, இத்தனை நிமிடம்" என்று ஒரு சீட்டில் எழுதி டாக்டர் கையில் கொடுங்கள். மார்பு எக்ஸ்ரேயும் நுரையீரல் செயல்திறன் பரிசோதனையும் கேளுங்கள். அந்தச் சீட்டின் நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.